பின்கோட்டை

“செருப்பக் கழட்டுங்க.”

ஐந்து மாதத்துக்குப் பிறகு என் பெண்டாட்டி என்னிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கூகைமலைக் கோட்டைச் சுவரில் செருப்புக் காலோடு யாரும் ஏறுவதில்லை. அது கருப்பனுடைய கோட்டை. எனக்கும் தெரியும், இந்த மலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனாலும் அடிவாரத்துப் புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தவனிடம், பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் ‘எப்ப வந்தீக’ என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் என் செருப்பைக் கழற்றிக் கட்டைப்பையில் போட்டேன். அவளும் தன்னுடையதைக் கழற்றி, குனிந்து மண்ணைத் தட்டி, பைக்குள் என் செருப்பின் மேல் வைத்தாள். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அதைப் பார்த்ததும் பையின் வாயைச் சுருட்டி மூடினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் படியேறினேன்.

கோட்டை என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். எந்த ராசா கட்டினார் என்பதற்கு ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். வாசலில் நட்டிருக்கும் தொல்லியல் துறைப் பலகையில் எழுதியிருந்த பெயரைத் துரு தின்றுவிட்டது. மலை உச்சி நடுவில் குழிந்து சட்டி மாதிரி இருக்கும். அந்தச் சட்டியின் விளிம்பில்தான் சுவர் சுற்றி ஓடுகிறது. உள்ளே ஒரு சுனை, கொஞ்சம் கருவேலம், ஆட்டுப் புழுக்கை. முன்பாதிக்குப் படிக்கட்டும் கம்பித் தடுப்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் கொத்தளத்தில் செல்பி எடுக்கிற கூட்டத்தைத் தள்ளிவிட்டுத்தான் நடக்க வேண்டும். கொத்தளத்தைத் தாண்டினால் பின்கோட்டை. அங்கே ஆள் கிடையாது, தடுப்பு கிடையாது, பல இடங்களில் சுவரே கிடையாது.

எங்கள் பக்கம் வெடி விபத்தில் தப்பியவர்கள் கோட்டை சுற்றுவதாக நேர்ந்துகொள்வார்கள். முழுச் சுற்று. புறப்பட்ட வாசலுக்கே மறுபக்கமாக வந்து சேர வேண்டும். பாதியில் வந்த வழியே திரும்பினால் நேர்ச்சை செல்லாது. சட்டம் அப்படி; ஆனால் முக்கால்வாசிப் பேர் கொத்தளம் வரை போய்த் தேங்காயை உடைத்து, கருப்பனிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். கருப்பனுக்கும் பழகிப்போயிருக்கும். என் பெண்டாட்டி சண்முகத்தாய் அப்படி இறங்குகிற ஆள் இல்லை. மாமியார் போனில் சொன்னபோதே தெரிந்துவிட்டது. “ரெண்டு பேரும் முழுசாச் சுத்தணுமாம் மாப்ள. சுத்திட்டுத்தான் எதையும் பேசுவாளாம்.”

என்ன பேசுவாள் என்பதுதான் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாத கேள்வி.

வைகாசியில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் பத்தாம் ரூம் வெடித்துப் போனது. மருந்து கலக்குகிற ரூம். நான் பதினொன்றில் குழாய்க்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தேன், சண்முகத்தாய் பன்னிரண்டில் திரி வைத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் ரூமில் இருந்த பொன்னுத்தங்கம் மட்டும் வரவில்லை. மற்ற எல்லோரும் எப்படியோ ஓடித் தப்பினோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் சீனிவாசகம் சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான்: சத்தம் கேட்டால் உன் வாசலில் ஓடு, திரும்பிப் பார்க்காதே, யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடாதே. வாசலில் ஒருவர் தயங்கி நின்றால் பின்னால் வருகிற மூன்று பேர் போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நானே இதை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனவே ஓடியதில் தப்பில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தப்பு சாயங்காலம் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு “சண்முகத்தாயி எங்கப்பா, நீ பாத்தியா” என்று கேட்டபோது என் வாய் தானாகச் சொன்னது: அவளைத் தேடித் திரும்பிப் போனேன், பன்னிரண்டாம் ரூம் வாசல் வரைக்கும் போய்விட்டேன், சீனிவாசகம்தான் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார் என்று. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அரை மணி நேரத்தில் அவள் ஒரு காயமும் இல்லாமல் ரோட்டோரமாக நடந்து வந்தாள். அதற்குள் கதை அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. சீனிவாசகமும் மறுக்கவில்லை, கதையில் அவருக்கும் நல்ல வேஷம்தானே. டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். பெண்டாட்டியைத் தேடித் தீக்குள்ளே போன ஆள் என்று.

இரண்டு வாரம் கழித்து, அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லி அச்சங்குளத்துக்குப் போனவள் திரும்பவில்லை. மாமியாருக்கு ஒரு நோவும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. யாரோ நான் ஓடியதைப் பார்த்திருக்கிறார்கள், அவளிடம் சொல்லிவிட்டார்கள். இன்றைக்குக் கோட்டையைச் சுற்றிவிட்டு, கருப்பன் சாட்சியாக அதை என் முகத்தில் எறிந்துவிட்டு, அத்தோடு முடித்துக்கொள்ளப் போகிறாள். வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் பிரீத்திகா இருக்கிறாள். அவளிடம் அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்றால், “தீக்குள்ள போன அப்பாவ விட்டுட்டுப் போனவுக அவுக. நான் ஏன் போகணும்?” என்பாள். அதே பிள்ளைதான் காலையில் நான் கிளம்பும்போது அரிசிப் படியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டது. “சாயங்காலம் ரெண்டு பேருக்கா, மூணு பேருக்கா?”

மூன்று பேருக்கு வை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கொத்தளத்தில் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் மட்டும் இருந்தார்கள். தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடக்கிற சமயம். கார்த்திகையில் பூஜை போட்டுத் திறக்கும்வரை யாருக்கும் வேலை இல்லை, ஆனாலும் வார நாளில் மலைக்கு யார் வருகிறார்கள். சண்முகத்தாய் தேங்காய் உடைத்துவிட்டு, நிற்காமல் கம்பித் தடுப்பின் முனையைச் சுற்றிப் பின்கோட்டைச் சுவரில் கால் வைத்தாள். பையன்களில் ஒருவன், அந்தப் பக்கம் பாதை மோசம் என்று எங்களை எச்சரித்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்திருந்தது. சுவரின் மேற்கல்லில் பாசி பிடித்து வழுக்கியது. காரை போன இடங்களிலெல்லாம் புல் முளைத்து, புல்லுக்குள் நெருஞ்சி ஒளிந்திருந்தது. முதலில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம் இருந்தது. போகப் போக ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். வலப்பக்கம் கோட்டையின் உட்குழி, நாலு ஆள் ஆழம். இடப்பக்கம் மலைச் சரிவு; அதற்கு ஆழம் பார்க்காமல் இருப்பதே நல்லது. கீழே கரிசலில் கம்பெனி ரூம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளிக் கிடந்தன. எங்கள் கம்பெனி தேடாமலேயே கண்ணில் பட்டது. பத்தாம் ரூம் இருந்த இடத்தை அவளும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒரு நொடி நடை தடுமாறி, மறுபடி ஒழுங்கானது.

நான் பேசிப் பார்த்தேன். பிரீத்திகா கணக்கில் நல்ல மார்க் வாங்கியதைச் சொன்னேன். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் ஏறியிருப்பதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் “ம்” என்றாள். அவளுடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நடப்பதென்றால் சும்மா இல்லை. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவளாக இருந்தால் எனக்கு நிம்மதி. நானும் சத்தம் போடுவேன், சோறு ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இவள் மனதில் வைத்துக்கொள்கிறவள். கல்யாணமான புதிதில் நான் மறந்துபோன ஒரு பூவை மூன்று வருடம் கழித்து எடுத்துச் சொன்னவள். எனக்குப் பயமாக இருந்தது. பின்கோட்டையின் தூரத்து முனையில், ஓராள் மட்டும் நுழைகிற திட்டிவாசல் ஒன்று இடிந்து தெரிந்தது. அதன் வழியே ஆட்டுக்காரர்கள் இறங்குகிற ஒற்றையடிப் பாதை நேரே அச்சங்குளம் ரோட்டுக்குப் போகும். பேச்சு முறிந்தால் அவள் என்னோடு முன்வாசலுக்கு வர வேண்டியதே இல்லை. இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று தோன்றியது.

பின்கோட்டையின் நடுவில் சுவர் ஓர் இடத்தில் முழுதாகச் சரிந்திருந்தது. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பத்தடி இடைவெளி. யாரோ எந்தக் காலத்திலோ நீளமான பலகைக்கல் ஒன்றை எடுத்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு முழ அகலம் இருக்கும். மழையில் அதன் அடி மண் கரைந்து, ஒரு முனை அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. “கையப் பிடிச்சுக்கோ” என்று நீட்டினேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையைப் பார்க்காமல், நாலே எட்டில் தாண்டிவிட்டாள். கல் அசைந்து, அடங்கியது. நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். அப்போதுதான் அவள் திரும்பினாள்.

“அன்னைக்கு என்னயத் தேடி எங்கன வரைக்கும் வந்தீக?”

ஒரு கால் கல்லிலும் ஒரு கால் சுவரிலுமாக நின்றுவிட்டேன். இதைக் கேட்கத்தான் கூட்டி வந்திருக்கிறாள். அந்த இடத்தில், அந்த உயரத்தில், சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பான கதை. வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது.

“பன்னெண்டாம் ரூம் வாசல் வரைக்கும் வந்துட்டேன். சீனிவாசகம் அண்ணாச்சிதான் இடுப்பச் சேத்துப் பிடிச்சு இழுத்துட்டாரு.”

“உள்ள பாத்தீகளா?”

“ஒரே பொக. ஒண்ணும் தெரியல. ஒன் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்.”

கூப்பிட்டேன் என்பதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நிமிடம் சேர்த்தது. அவள் முகம் சட்டென்று சிறுத்துப் போயிற்று. உதடு பிரிந்தது. என்னவோ சொல்ல வந்தாள்.

அப்போது வெடித்தது.

சத்தம் காதுக்கு வருமுன்பே காலுக்கு வந்துவிட்டது. சுவர் உள்ளுக்குள் நடுங்கியது. அதற்கப்புறம் நான் எதையும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு அங்கே யாரும் இல்லை. வந்த வழியே ஓடினேன். பாசியும் நெருஞ்சியும் ஆழமும் எதுவும் தெரியாமல், கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, குனிந்து, பழகிய ஓட்டமாக ஓடினேன். சுவர் வளைகிற இடத்தில் முழங்கால் இடித்து விழுந்தேன். விழுந்த இடத்தில் மூச்சு வாங்கியபடி பார்த்தால், தெற்கே மலைக்குப் பின்னாலிருந்து வெள்ளைத் தூசி ஒன்று நிதானமாக எழும்பிக்கொண்டிருந்தது. கல் குவாரி. தினமும் ஒரு மணிக்கு வேட்டு வைப்பார்கள். முன்னால் சங்கு ஊதுவார்கள். வாடைக்காற்றில் இன்றைக்கு அது எங்களுக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

என் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அதைவிட, திரும்பிப் பார்க்கத்தான் துணிச்சல் வரவில்லை. மறுபடியும் அவளை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், இந்தத் தடவை அவள் கண் முன்னாலேயே. பலகைக்கல் உருண்டு விழுந்த சத்தம் ஓடும்போதே பின்னால் கேட்டிருந்தது. அந்தக் கல்லோடு அவளும் போயிருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. நாலு காலில் தவழ்ந்து உடைப்பின் ஓரத்துக்கு வந்தேன். கல் கீழே குழியில் இரண்டாகக் கிடந்தது. எதிர்ப்பக்கம் சுவர் காலியாக இருந்தது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே கூப்பிட்டேன்.

நாற்பது ஐம்பதடிக்கு அப்பால் ஒரு கல்குவியலுக்குப் பின்னாலிருந்து பச்சைச் சேலை எழுந்தது. தலை அவிழ்ந்து கிடந்தது. அவள் மெதுவாக நடந்து உடைப்பின் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“பாத்தீகளா, நான் ஓடுனத?” என்றாள். “அன்னைக்கும் இப்பிடித்தான். சத்தம் கேட்டதும் கெழக்கு வாசல்ல விழுந்தடிச்சு ஓடிட்டேன். வேலியத் தாண்டி உக்காந்துட்டேன். பதினோராம் ரூம்புக் கூரையும் போயிருச்சுன்னு சொன்னாக. அப்பயும் நான் எந்திரிக்கல. ரெண்டு மணி நேரம் அங்கனயே உக்காந்துருந்தேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நீங்க எனக்காகத் தீக்குள்ள வந்தீக. நான் வேலியத் தாண்டி வரல. ஒங்க மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் எதையும் சொல்லவில்லை. ஐந்து மாதமாக அவளைத் துரத்தியது நான் ஓடியதல்ல, நான் சொன்ன கதை. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அதை மறைக்கப் போவதில்லை. ஒரு வார்த்தை போதும். ‘விடு, போனது போகட்டும், வா’ என்றால் வந்துவிடுவாள். இன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் சாப்பிடலாம். சாகும்வரை என்னைத் தெய்வமாக வைத்துக்கொள்வாள், எதிர்த்து ஒரு பேச்சுப் பேசமாட்டாள். ஒவ்வொரு தடவை சோறு போடும்போதும் குனிந்த தலையோடு போடுவாள். நான் அதைச் சாப்பிட வேண்டும்.

தோளிலிருந்த பை நழுவி முன்னால் வந்திருந்தது. நீல வார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரூமுக்குள் போகுமுன் செருப்பை வாசலில்தான் கழற்றி விட வேண்டும். அன்றைக்கும் அது பன்னிரண்டாம் ரூமின் மேற்கு வாசலில், ஜோடி சேர்த்து, ஒழுங்காகக் கிடந்தது. விபத்துக்கு மறுநாள் கம்பெனி வாசலில் கொட்டிவைத்திருந்த செருப்புக் குவியலில் கிளறி இதை எடுத்து வந்து அவளிடம் கொடுத்ததும் நான்தான். அப்போதும் ஊர் என்னை மெச்சியது.

“நான் வரல, சம்முகம்” என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லையோ என்று சத்தமாகச் சொன்னேன். “நான் தேடி வரல. ஒன் செருப்பு வாசல்ல கெடந்துச்சு. நீ உள்ள இருக்கன்னு தெரியும். அதத் தாண்டித்தான் ஓடுனேன்.”

அவள் பார்வை என் பையில் நீட்டிக்கொண்டிருந்த நீல வாருக்குப் போனது.

“சீனிவாசகம் அண்ணாச்சி?”

“அவரு எனக்கு முன்னால ஓடிக்கிட்டு இருந்தாரு.”

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். அவள் உதடு கோணியது. அது சிரிப்பாக மாறவில்லை. எழுந்து நின்றாள். “பிள்ளைக்குச் சட பின்னி அஞ்சு மாசமாச்சு” என்றாள். “பள்ளிக்கூட வாசல்ல போயி நின்னாலும் மொகத்தத் திருப்பிக்கிருது. நான் அதுக்குத் தகுதிதான்னு நெனச்சு இருந்தேன்.” குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தேவலை. பிறகு அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, திரும்பி, சுவர் போகிற பக்கமே நடக்க ஆரம்பித்தாள்.

உடைப்பைத் தாண்ட வழி இல்லை. நான் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். என் நேர்ச்சை அதோடு போயிற்று. அவள் முன்னால் போகிறாள். சுவர் வட்டம் என்பதால் இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்தால் முன்வாசலில் சந்தித்தாக வேண்டும். நடுவில் அந்தத் திட்டிவாசல் மட்டும் இல்லையென்றால்.

நொண்டிக்கொண்டே நடந்தேன். இருபது வருடமாகத் திரும்பிப் பார்க்காமல் ஓடப் பழகியவன், பத்தடிக்கு ஒரு தரம் நின்று குழிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பச்சைச் சேலை சீராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை உட்கார்ந்து பாதத்தைத் தூக்கி முள் எடுத்தாள். வெறுங்காலோடு நெருஞ்சியில் போகிறாள், செருப்பு என் பையில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கத்தினேன். குழிக்குள் எதிரொலித்துக் குழம்பியதே தவிர அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

நான் கொத்தளத்துக்கு வந்தபோது பையன்கள் போய்விட்டிருந்தார்கள். அங்கிருந்து திட்டிவாசல் நேர் எதிரே தெரியும். அவள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். இடிந்த நிலைக்கல்லில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தாள். அச்சங்குளம் ரோட்டில் ஒரு பஸ், சிவப்பாக, சின்னதாக வந்துகொண்டிருந்தது. பிறகு தலையைத் திருப்பி, முதல் தடவையாக, நான் நிற்கிற பக்கம் பார்த்தாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூப்பிட்டால் கேட்காது. கையை ஆட்டினால் போ என்கிறேனா வா என்கிறேனா என்று அந்தத் தூரத்தில் விளங்காது. பையிலிருந்து அவளுடைய செருப்பு இரண்டையும் எடுத்தேன். ஆளுயரக் கல்லின் மேல் ஏறி நின்று, அவற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பார்க்கிறவர்களுக்கு ஒருவன் பெண்டாட்டியிடம் செருப்பைத் தூக்கிக் காட்டுகிறான் என்றுதான் தோன்றும். கருப்பன் கோட்டையில், கருப்பன் பார்க்க.

பஸ் ரோட்டின் வளைவில் ஹார்ன் அடித்தது. அவள் ஒரு கை நிலைக்கல்லிலும், ஒரு கை கண்ணுக்கு மேலுமாக, வெயிலுக்கு எதிராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது. நான் இறக்கவில்லை.